தொண்ணூற்றிரண்டு பேரை அனுப்ப வேண்டாம்

ஓக்கன்ஷா,
28 ஆகஸ்டு 1900, செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்கா கெசையாவுக்கு, தம்பி எனோக் ஆர்மராட் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். ஊறுகாய் ஆலை நலம். வெங்காயம் மட்டும் நலமில்லை, அது கீழே வரும். பிளாக்பூலில் நீயும், அத்தானும், அத்தானின் முழங்காலும், உன் விடுதியில் காலையில் இரண்டாம் முட்டை கேட்கிறவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நடந்தது இதுதான். பதினாறாம் தேதி வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் என் ஆலை வாசல் வழியாக நாற்பத்தாறு பேர் வெளியே வந்தார்கள். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, திருவிழாக் கூடாரத்தில், அதே வாசல் வழியாக நூற்று முப்பத்தெட்டு பேர் வெளியே வந்தார்கள். கூடுதலாக வந்த அந்தத் தொண்ணூற்றிரண்டு பேரைத்தான் நான் உன்னிடம் தந்தியில் கேட்டேன். "திங்களுக்குள் தொண்ணூற்றிரண்டு பேர் அனுப்பு, விவரம் கடிதத்தில்" என்று அடித்ததற்கு நீ "காய்ச்சலா" என்று ஒரே வார்த்தையில் பதில் அடித்தாய். ஆறு பென்ஸுக்குப் பன்னிரண்டு வார்த்தை தருகிறார்கள் அக்கா. விலாசம் போக உனக்கு இன்னும் நாலைந்து வார்த்தை மிச்சம் இருந்தது. அதைத் தபாலாபீசுக்குத் தானம் பண்ணியிருக்கிறாய். காய்ச்சல் இல்லை. விவரம் எழுத ஒரு வாரமாக உட்கார முடியவில்லை, இப்போதும் பாதி நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் வெங்காயம். லிவர்பூலில் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற பெண்டில்பரி என்பவரை உனக்குத் தெரியாது. பெரிய கை. ஜூன் மாதம் என் வெங்காய ஊறுகாயை ருசி பார்த்துவிட்டு, அக்டோபர் முடிவதற்குள் நாலாயிரம் ஜாடி வேண்டியிருக்கும் என்றார். நான் அந்த வாய் வார்த்தையை நம்பி, விலை மலிவாக இருந்த நேரத்தில் பதினொரு வண்டி வெங்காயம் வாங்கி முற்றத்தில் கொட்டினேன். கொட்டின மறுவாரம் அவரிடமிருந்து கடிதம்: "தங்களிடம் நாற்பத்தாறு ஆட்களே இருப்பதாக அறிகிறேன். நூறு ஆளுக்குக் குறைந்த இடத்தில் நான் சரக்கு எடுப்பதில்லை. கப்பல் காத்திருக்காது." அவ்வளவுதான். ஜூலை பூராவும் மழை. வெங்காயம் நனைந்தது, வேர்த்தது, பச்சையாக முளை விட்டது. காலையில் ஒரு தடவை, மதியம் இரண்டு தடவை போய்க் கையை விட்டுச் சூடு பார்ப்பேன், பிள்ளைக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. கைவண்டியில் ஊறுகாய் விற்று ஒவ்வொரு செங்கல்லாக வைத்த ஆலை, அதில் முதல் இருபது பவுண்டு உன்னுடையது. பதினொரு வண்டியும் அழுகினால் கிறிஸ்துமஸுக்கு ஆலைக் கதவில் ஏலச் சீட்டு தொங்கும். இது உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் டாட்டர்சல் என்கிற கூடாரக்காரன் வந்தான். ஆலைகளை மூடி விடுமுறை விடுகிற வேக்ஸ் வாரத் திருவிழாவுக்கு ஊர் ஊராகப் போய் அசையும் படம் காட்டுகிறவன். அவன் தொழில் ரகசியத்தை ஒளிக்கவில்லை. "முதலாளி, ராஜா ராணியைக் காட்டினா நூறு பேர் வருவான். ஆலைவாசல்ல அவன் மூஞ்சியையே எடுத்து அவனுக்கே காட்டினா, அவன் வருவான், அவன் பெண்டாட்டி வருவா, மாமியா வருவா, கடன் கொடுத்தவனும் வருவான்" என்றான். அது எனக்குப் பிடித்திருந்தது. வாசலில் புதிதாக எழுதின 'ஆர்மராட் ஊறுகாய்' என்ற பலகையும் படத்தில் விழ வேண்டும் என்றேன். அப்படியானால் நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்றான். படச்சுருள் அடிக்கு ஒன்றரை ஷில்லிங் கேட்டான். நான் ஒரு ஷில்லிங்குக்கு இறக்கி, எழுபத்தைந்து அடி பேசி, இரண்டு இலவசச் சீட்டும் வாங்கினேன். இதுவரைக்கும் நான் செய்ததில் தப்பு இருந்தால் சொல்.

வியாழக்கிழமை நல்ல வெயில். படம் பிடிக்கிற பெட்டியை மூன்று காலில் நிறுத்தி டாட்டர்சல் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். மணி அடித்தது. பசி வேறு, படம் வேறு. நாற்பத்தாறு பேரும் ஆட்டுப் பட்டியைத் திறந்துவிட்ட மாதிரி ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து முடிந்துவிட்டார்கள். இருபத்தைந்து அடிதான் ஓடியிருக்கிறது. டாட்டர்சல் கைப்பிடியை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான்.

"மீதி அம்பது அடிக்கு என்ன முதலாளி பண்றது? வெறும் வாசலைக் காசு கொடுத்து யாரும் பார்க்க மாட்டான்."

அம்பது அடி, அம்பது ஷில்லிங். கட்டியாகிவிட்டது. அக்கா, நம் அம்மா உருளைக்கிழங்குத் தோலையே வீணாக்கவிடாமல் வளர்த்த பிள்ளை நான். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "சுத்துங்க! கால்வாய்க் கரையோட போய்ப் பின்வாசல்ல நுழைஞ்சு திரும்ப வாங்க!"

"சாப்பாட்டு நேரத்துல ஓட்டமா?" என்றாள் தர்சா. உரிக்கிற பெண்களுக்குத் தலைவி. என்னைவிட மூன்று வயது மூத்தவள், முப்பது வயது மூத்தவள் மாதிரி பேசுவாள். "போறோம். ஆனா அதே சால்வை, அதே மூஞ்சியோட திரும்ப வந்தா ஊர் சிரிக்கும். ஏ பொண்ணுங்களா, சால்வையை மாத்திக்குங்கடீ!"

மாற்றிக்கொண்டார்கள். தொப்பியையும் மாற்றிக்கொண்டார்கள். தர்சாவிடம் செர்ரிப் பழக் கொத்து வைத்த தொப்பி ஒன்று இருக்கிறது, ஞாயிறு சபைக்குப் போடுகிறது. படம் எடுக்கிறார்கள் என்று அன்றைக்குப் போட்டு வந்திருந்தாள். ஒருத்தி வாசலைத் தாண்டினதும் அதை மதில் வழியாக உள்ளே திருப்பிக் கொடுக்க, அடுத்தவள் கெஞ்சி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு தாண்டினாள். இருபத்தைந்து அடிக்கு ஒரு சுற்று என்று மொத்தம் மூன்று சுற்று. பீப்பாய்க்கு வளையம் அடிக்கிற சேத்தை, "உங்களுக்கு மரக்கால், நீங்க நில்லுங்க" என்றேன். ரயில் தண்டவாளத்தில் இடது காலை விட்டவர் அவர், ஆனால் வாயை எங்கேயும் விடவில்லை. "மூணு மடங்கு கூலிதான் தர மாட்டீங்க, மூஞ்சியாவது மூணு தரம் வரட்டும்" என்று அவரும் தொப்பி மாற்றிக்கொண்டு டக் டக் என்று மூன்று சுற்றும் சுற்றினார்.

சனிக்கிழமை பெண்டில்பரியும் அவர் மனைவியும் எங்கள் ஊரில் இருந்தார்கள். அந்த அம்மாளின் தங்கை வீடு இங்கேதான், திருவிழாவுக்கு வந்திருந்தார்கள். ஆர்டர் கொடுக்காதவரானாலும் மரியாதை மரியாதைதான் என்று என் இரண்டு இலவசச் சீட்டையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நான் மூன்று பென்ஸ் கட்டி உள்ளே போனேன். பலகையைப் பார்த்தாவது மனசு மாறட்டும் என்ற எண்ணம் இருந்தது, மறைக்கவில்லை. கூடாரத்தில் காற்றில்லை. வெளியே ஆர்கன் பெட்டி காது கிழிய ஊதுகிறது. திரையில் வெள்ளையாக ஒரு சதுரம் நடுங்கியது, அப்புறம் என் வாசல். என் பலகை. என்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினேன் என்றால் நீ சிரிப்பாய். அடுத்த நொடி வாசலோரத்தில் ஒரு வழுக்கைத் தலைக் குள்ளன் வாத்து விரட்டுகிற மாதிரி இரண்டு கையையும் வீசிக்கொண்டு நிற்கிறான். யாரடா இந்தக் கோமாளி என்று பார்த்தால், நான். முப்பது வருஷமாகக் கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டுமே பார்த்து ஏமாந்திருக்கிறேன். படத்துக்குக் குரல் கிடையாது. "சுத்துங்க, சுத்துங்க" என்று நான் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை.

ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "அதோ நான்!" "ஏய், அதோ மறுபடி நான்!" "உன் மூக்கு அப்பாடி, திரையை விட்டு வெளியே வருது!" என்று ஒரே கூச்சல். முன்வரிசையில் பெண்டில்பரி மட்டும் கத்தவில்லை. உதடு அசைகிறது. முப்பது வருஷமாகத் துறைமுகத்தில் பீப்பாய் எண்ணினவர். அசைகிற எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவார் போலிருக்கிறது. படம் முடிந்ததும் என் தோளைப் பிடித்தார்.

"நூத்து முப்பத்தெட்டு! என்னய்யா ஆர்மராட், நாப்பத்தாறுன்னு எவனோ எனக்குப் பொய் சொல்லியிருக்கானே!"

"ஐயா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். ஆர்கன் பெட்டி ஊதியது.

"ஆளைச் சேர்த்துக்கிட்டு அடக்கமா வேற இருக்கீரு. எனக்கு இன்னொன்னு பிடிச்சுது. மரக்கால்காரங்க மூணு பேருக்கு வேலை கொடுத்திருக்கீரே! எங்க சபையில ஒருத்தனுக்குக் கூட அந்த மனசு கிடையாது." கண் கலங்கியிருந்தது மனுஷனுக்கு. "நாலாயிரம் ஜாடி உமக்குத்தான். விடுமுறை முடிஞ்ச திங்கக்கிழமை வந்து எல்லாரும் வேலை செய்யறதை ஒரு பார்வை பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் முற்றத்து வெங்காயம் என் மூக்கில் வந்து நின்றது. மூடிக்கொண்டேன். இதை நான் பெருமையாக எழுதவில்லை. அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அன்றிலிருந்து எனக்கு நாற்காலி பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது மட்டும்தான் நிம்மதி. திங்கட்கிழமை பஞ்சாலைக்காரரிடம் போய் ஒரு நாளைக்குத் தொண்ணூறு ஆள் இரவல் கேட்டேன். "என் ஆள் அத்தனையும் பிளாக்பூல் கடல்ல கால் நனைச்சுக்கிட்டிருக்கு, போய் அங்கே கேளும்" என்றார். அதனால்தான் உனக்குத் தந்தி. உன் பதில் வந்ததும் ரயில் நிலையம் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், வெங்காயத்தைத் தொட்டுப் பார்த்தேன், மறுபடி ரயில் நிலையம் வரை நடந்தேன். அந்த வாரம் தேய்ந்த செருப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விடுமுறை முடிந்து நேற்றுக் காலை ஆட்கள் வந்ததும் தர்சாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வினிகர் ஜாடி ஆடியது.

"இதுக்கா ஒரு வாரம் தூங்கலை? படத்துல சுத்தினதையே சுத்துவோம். உரிக்கிற கொட்டகை, வினிகர் அறை, ஜாடி அறை, ஆக மூணு. நீங்க அவரை ஒவ்வொண்ணா மெதுவாக் கூட்டிட்டு வாங்க. நாங்க கால்வாய்க் கரையோட அடுத்ததுக்குப் போயிடறோம்."

"பண்ணலாமா தர்சா? தப்பில்லையா?"

"தப்புதான். ஆளுக்கு ஒரு பென்னி."

கொடுத்தேன்.

பதினோரு மணிக்குப் பெண்டில்பரி வந்தார், அம்மாளும் வந்தாள். அவர் கோட்டுப் பையில் மூன்று புகையிலை டப்பா. "அந்த மூணு பேருக்கும் என் கையாலே கொடுக்கணும்" என்றார். கொட்டகையில் நாற்பத்தாறு பேரும் தலை நிமிராமல் வெங்காயம் உரித்தார்கள். பெண்டில்பரி உதடு அசைய எண்ணினார். சேத் மூலையில் வளையம் அடித்துக்கொண்டிருந்தார். முதல் டப்பா கைமாறியது, கை குலுக்கினார்கள். அப்புறம் முற்றத்தில் அவரை நிறுத்தி, ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை செலவழிக்காத நான், வினிகர் உலகத்தில் எப்படி உண்டாயிற்று என்று கால் மணி நேரம் பேசினேன். எனக்கே தெரியாத விஷயமெல்லாம் வந்தது. பக்கத்துக் கால்வாய்க் கரையில் கட்டைச் செருப்புகள் தடதடவென்று ஓடுகிற சத்தம். "படகு இழுக்கிற குதிரைகளா?" என்றார். "குதிரைகள்" என்றேன்.

வினிகர் அறை. அதே நாற்பத்தாறு பேர், தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு. சேத் வேறு தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் டப்பா. "உங்க காலுக்கு என்ன ஆச்சு?" என்று பெண்டில்பரி கேட்க, சேத், கொட்டகையில் ரயில் என்று சொன்னவர், இங்கே சுரங்கம் என்றார். மூன்றாவது அறைக்குப் போகும் வழியில் வெங்காயத்தின் பெருமை பற்றிப் பேசினேன். ஜாடி அறையில் நுழைந்தால் அத்தனை முகமும் செக்கச்செவேல், மூச்சு வாங்குகிறது, மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெண்டில்பரிக்குப் பரம சந்தோஷம். "வேலைன்னா இது வேலை! வேர்வையைப் பாருங்க!" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே மூன்றாம் டப்பாவை எடுத்து, "மூணாவது ஆள் எங்கே?" என்றார்.

சேத் இன்னும் வந்து சேரவில்லை. கால்வாய்ப் பக்கமிருந்து டக்... டக்... டக்... என்று சத்தம் மட்டும் வருகிறது. எத்தனை நேரம் வந்தது தெரியுமா அக்கா? எனக்கு வயசு ஐம்பத்திரண்டு, அதில் இருபது வருஷம் அந்த டக் டக்கிலேயே போயிற்று. கடைசியில் பின்கதவு திறந்தது. சேத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் தொப்பி காதில் தொங்கியது. இரண்டு பையிலும் இரண்டு டப்பா துருத்திக்கொண்டு நின்றது.

"ஐயா," என்றார் பெண்டில்பரியைப் பார்த்து, "நல்ல புகையிலை, கும்பிட்டு வாங்கிக்கறேன். ஆனா நாலாவதா இன்னொரு அறை இருந்தா, அந்த மரக்கால்காரன் செத்துட்டான்னு வெச்சுக்குங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெண்டில்பரி சேத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதடு மறுபடி அசைய ஆரம்பித்தது. நான் அதற்கு மேல் தாங்க மாட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிக்கு ஒரு ஷில்லிங், மீந்துபோன அம்பது அடி, கால்வாய்க் கரை, முற்றத்து வெங்காயம், கூடாரத்தில் மூடின வாய், எல்லாம். "இருக்கிறது நாப்பத்தாறு பேர்தாங்க. மரக்கால் ஒண்ணுதான்" என்று முடித்தேன்.

அவர் முகம் ஜாடி அறைப் பெண்கள் முகத்தைவிடச் சிவந்தது. "முப்பது வருஷத்துல ஒரு பீப்பாய் தப்பினதில்லை எனக்கு! ஒரு பீப்பாய்!"

அப்போதுதான் அந்த அம்மாள் முதல் முறையாக வாயைத் திறந்தாள். ஆணியில் தொங்கின செர்ரித் தொப்பியைக் காட்டினாள். "ஏங்க, நீங்க தலையை எண்ணினீங்க. நான் தொப்பியை எண்ணினேன். இந்தச் செர்ரிக் கொத்து சனிக்கிழமை ஏழு தடவை வாசலைத் தாண்டிச்சு. ஒரே ஊர்ல ஏழு பொம்பளைங்க அதே தொப்பியை வாங்கினா, ஏழு பேரும் அதே வாசல்ல சிரிச்சுக்கிட்டு வருவாங்களா? முடியைப் பிடிச்சுக்கிட்டுல்ல வருவாங்க?"

"அன்னிக்கே தெரியுமா உனக்கு? ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்கலை. அப்புறம் இந்த மனுஷர் தானாச் சொல்றாரான்னு பார்க்க ஆசை. கொஞ்சம் தாமதம், ஆனா சொல்லிட்டார்."

தர்சாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அறை முழுக்க. பெண்டில்பரி கடைசியாகச் சிரித்தார், அதுவும் வியாபாரி சிரிப்பு, விலை குறைக்கப் போகிறவன் சிரிப்பு. நாற்பத்தாறு பேரால் முடிந்தது ஆயிரத்து எண்ணூறு ஜாடி என்று தர்சா சொல்ல, அதை எழுதிக்கொண்டு, பொய்க்கு அபராதம் என்று ஜாடிக்கு அரைப் பென்னி தள்ளிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் டப்பாவையும் சேத்திடமே கொடுத்தார், நடந்த கூலி என்று. பாதி வெங்காயத்துக்கு வழி பிறந்தது. மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன். ஏலச் சீட்டு வராது. உன் இருபது பவுண்டு பத்திரம்.

ஆகையால் அக்கா, ஒருத்தரையும் அனுப்ப வேண்டாம். இனி இந்தப் படம் காட்டுகிற கூட்டத்தோடு எனக்கு எந்தச் சகவாசமும் கிடையாது. டாட்டர்சல் தெருமுனையில் வந்தாலே கதவைச் சாத்துவேன். நாற்பத்தாறு பேரை நாற்பத்தாறு பேராகக் காட்டுகிற பழைய வாசலே எனக்குப் போதும். நேற்றுத்தான் முதல் தடவையாக முழுசாகத் தூங்கினேன்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வினிகரைச் சூடாக்கித் துணி நனைத்துக் கட்டச் சொல். நல்ல வினிகர் அனுப்புகிறேன். உன் விடுதிக்கு மழைக்காலத்திலும் ஆள் நிறையட்டும், ஆண்டவர் உன் அடுப்பை அணையாமல் காக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
எனோக்.

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் மதியத் தபால் வந்துவிட்டது. டாட்டர்சல் அந்தப் படத்தைப் பிரெஸ்டனில் காட்டியிருக்கிறான். அங்கே ஒரு பெரிய மளிகை மொத்த வியாபாரி பார்த்துவிட்டு, "தங்கள் ஆலையின் பிரம்மாண்டத்தைக் கண்ணால் கண்டோம்" என்று ஐயாயிரம் ஜாடிக்கு முன்பணத்தோடு எழுதியிருக்கிறார். பத்து நாளில் நேரில் பார்க்க வருகிறாராம். நாற்பத்தாறு என்று இன்றைக்கு எழுதினால் உண்மை, ஆனால் பத்து நாளில் நூற்று முப்பத்தெட்டு பேர் நிஜமாகவே நின்றால் அதுவும் உண்மைதானே? இந்தத் தடவை யாரையும் ஓடவிடப் போவதில்லை. படம் முன்னால் போய்விட்டது, நான் போய்ப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வெங்காயமும் மொத்தமாகத் தீரும். உங்கள் ஊரில் சீசன் முடிகிறது. விடுதிப் பெண்கள், கழுதைச் சவாரிக்காரர்கள், கடற்பாலத்தில் சீட்டுக் கிழிக்கிறவர்கள் எல்லாரும் சும்மா இருப்பார்கள். கேட்டு உடனே தந்தி அடி. இந்தத் தடவை பன்னிரண்டு வார்த்தையும் போட்டு அடி. பேச்சு இதுதான்: தொண்ணூற்றிரண்டு பேர், வாரத்துக்குப் பதினோரு ஷில்லிங், கிறிஸ்துமஸ் வரை வேலை நிச்சயம், போக வர ரயில் சீட்டு என்னுடையது, தொப்பி அவரவருடையது, மரக்கால்காரர் இரண்டு பேர் கிடைத்தால் அவர்களுக்கு வாரத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல்.